கண் திரும்பினவர்களும் திரும்பாதவர்களும்

கண் வைத்தியத்தின் வரலாறு என்று எழுதப்பட்டவை பெரும்பாலும் கத்தி பிடித்தவர்களின் வரலாறுதான். யார் முதலில் வெட்டினார், எந்த ஆஸ்பத்திரி எந்த ஆண்டு திறந்தது, எந்த மன்னர் காசு கொடுத்தார் என்று வரிசையாகப் போகும். கட்டு அவிழ்க்கிறதோடு கதை முடிந்துவிடும். அவிழ்த்த பிறகு அந்த ஆச்சி எப்படி வீட்டுக்குப் போனா, கண்ணாடி உடைந்தபோது என்ன செய்தா, கட்டு அவிழ்த்தும் ஒன்றும் தெரியாதவர்கள் மிச்சக் காலத்தை எப்படிக் கழித்தார்கள் என்று அந்தப் புத்தகங்களில் தேடினால் கிடைக்காது. நாங்கள் இங்கே அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கப் பார்க்கிறோம்.

முதலில் சொற்களைக் கொஞ்சம் பிரித்துக்கொள்ள வேண்டும். நாற்பது தாண்டினால் கிட்டத்து எழுத்து மங்கும். அதற்கு வெள்ளெழுத்து என்று தமிழில் அழகான பெயர் இருக்கிறது, ஒரு சோடிக் கண்ணாடியோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு கண்ணின் வில்லை பால்போல வெளிறுவது வெண்புரை. எங்கட ஆக்கள் கற்றாக்ட் என்றே சொல்லுவினம். அதற்கு ஒப்பரேசன் உண்டு. மூன்றாவது வகைதான் கொடியது. கண் அழுத்த நோயில் நரம்பு செத்துப்போகும். முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிற நோயும் இருக்கிறது. இவற்றில் போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றத்தான் மருந்து. ஆனால் வீட்டில் இந்த மூன்றுக்கும் ஒரே பதில்தான்: "வயசு போட்டுது, கண் தெரியேல்லை." அந்த ஒரு வசனத்தால் ஒப்பரேசனோடு தீரக்கூடியவர்களும் இருட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், சொட்டு மருந்து விட்டிருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய பார்வையும் போய்விடுகிறது.

பழைய காலத்தில் வெண்புரைக்கு ஊசிதான். கண்ணுக்குள் ஊசியை விட்டு, வெளிறிய வில்லையைப் பார்வைப் பாதையிலிருந்து கீழே தள்ளிவிடுவார்கள். சுசுருதர் பெயரிலுள்ள நூல் இதைச் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இந்தியாவிலிருந்து ஐரோப்பா வரை இதுதான் நடந்தது. தள்ளிய அன்றைக்கு வெளிச்சம் தெரியும், விரல் எண்ணலாம். பிறகு சிலருக்குக் கண் அழுகிப்போகும், சிலருக்கு வில்லை திரும்ப மேலே வரும். வில்லையைத் தள்ளாமல் வெளியே எடுக்கிற முறையை 1747இல் பிரான்சில் ழாக் தவியேல் என்ற வைத்தியர் செய்துகாட்டினார். ஆனால் எடுத்த இடத்தில் வைக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்த வெற்றிடம் அடுத்த 200 ஆண்டுக்கு வெற்றிடமாகவே கிடந்தது. இது முக்கியம், திரும்ப வருவோம்.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கத்திய அறுவை வைத்தியம் வந்த கதை பலருக்குத் தெரிந்ததுதான். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்து, அடுத்த ஆண்டிலிருந்து மானிப்பாயில் வைத்தியம் செய்தார். 1873 வரை இருந்தார். எங்களுக்கு அவர் முக்கியமாகப் படுவது ஆங்கிலத்தில் தொடங்கி பிறகு தமிழில் வைத்தியம் படிப்பித்ததற்காக. 1867இல் 'இரண வைத்தியம்' தமிழில் வந்தது. அவரிடம் படித்த அறுபதுக்கு மேற்பட்டவர்களில் பலர் ஊர்களிலேயே தங்கினார்கள். நோயாளியிடம் அவர் மொழியில் "உமக்கு வந்தது இது, இதற்கு இன்னது செய்யலாம், இன்னது செய்ய ஏலாது" என்று சொல்லக்கூடிய ஆள் ஊருக்குள் இருப்பது லேசான விசயம் இல்லை. இண்டைக்கும் கண் கிளினிக்கில் ஒரு முதியவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அதில் இந்தப் பேச்சுக்கு நேரம் இருப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் விக்டோரியா ஞாபகார்த்தக் கண் ஆஸ்பத்திரி வந்தது. லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக இன்றும் நிற்கிறது அந்தக் கட்டடம். ஏறக்குறைய அதே காலத்தில், 1905இல், வடக்கு ரயில் பாதை காங்கேசன்துறை வரை முடிந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேணும். ரயில் இல்லாவிட்டால் அந்த ஆஸ்பத்திரி வடக்கில் இருக்கிற முதியவருக்கு இல்லாத ஒன்றுதான். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகு கொழும்புக்குக் கண் காட்டப் போவது ஒரு குடும்பப் பயணமாகவே ஆனது. கூட ஒரு மகனோ மருமகனோ லீவு போட வேண்டும், தங்க ஒரு சொந்தக்காரர் வீடு வேண்டும், சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டும். கண் ஒப்பரேசனின் செலவுக் கணக்கில் இவை ஒன்றும் வராது.

அந்தக் கால ஒப்பரேசனுக்குப் பிறகு நாட்கணக்காக மல்லாந்து கிடக்க வேண்டும். தலை அசையாமல் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைப்பார்கள். மெல்லிய தையல் இல்லாத காலம், இருமினால்கூடக் காயம் பிரிந்துவிடும். பிறகு வரும் அந்தச் சோடாப் போத்தல் கண்ணாடி. வில்லையை எடுத்துவிட்டதால் அதன் வேலையை மூக்கின் மேலே நிற்கிற கண்ணாடி செய்ய வேண்டும். எங்கட அம்மாமாரைக் கேட்டால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பெரிய பெரிய கண்களோடு இருந்த பாட்டாமாரை ஞாபகப்படுத்துவார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது வேடிக்கை. போட்டவருக்கு எல்லாம் கால்பங்கு அளவு பெரிதாகத் தெரியும். தேத்தண்ணிக் கோப்பையை எட்டினால் கை முன்னுக்கே மூடிக்கொள்ளும். படி இருக்கிற இடம் வேறு, தெரிகிற இடம் வேறு. பார்வையின் ஓரத்தில் ஒரு வளையம் அளவுக்கு ஒன்றும் தெரியாது, பக்கத்தில் வருகிற ஆள் நிலத்திலிருந்து முளைத்த மாதிரித் திடீரென்று நிற்பார். ஒரு கண்ணில் மட்டும் செய்திருந்தால் இரண்டு கண்ணின் படமும் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. "ஒப்பரேசன் செய்தும் கிழவன் தடுமாறுது" என்று ஊர் சொன்னதற்குக் காரணம் இதுதான். அந்தக் கண்ணாடி உடைந்தால் அதே நாளில் திரும்பக் குருடு.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் ஹரோல்ட் றிட்லி என்ற ஆங்கிலேயர். 1940இல் பிரித்தானிய விமானி ஒருவரின் விமானத்தின் மேல்மூடி குண்டு பட்டு நொறுங்கி, அந்தப் பிளாஸ்டிக் துண்டுகள் அவருடைய கண்களுக்குள் போயின. கண்ணுக்குள் எது போனாலும் அழுகும் என்று நம்பிய காலம். இது அழுகாமல் அப்படியே கிடந்தது. இதைக் கவனித்த றிட்லியிடம் பிறகொரு நாள் ஒப்பரேசன் பார்த்த மாணவர் ஒருவர், எடுத்த வில்லைக்குப் பதிலாக ஏன் வேறொன்று வைப்பதில்லை என்று கேட்டாராம். 1949 நவம்பர் 29இல் லண்டன் சென் தோமஸ் ஆஸ்பத்திரியில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த வில்லையை ஒரு பெண்ணின் கண்ணுக்குள் வைத்தார். பெரிய வைத்தியர்கள் அவரை ஆண்டுக்கணக்காகத் திட்டினார்கள். சர் பட்டம் கொடுத்தது 2000இல். அடுத்த ஆண்டு இறந்துபோனார்.

வில்லை வந்தும் ஏழை முதியவருக்கு வரவில்லை. வெளிநாட்டு வில்லை ஒன்று 1980களில் நூறு டொலர் அளவில் விற்றது. இந்த இடத்தில் மதுரை வருகிறது. அரசாங்க வேலையில் ஓய்வு பெற்ற கோவிந்தப்ப வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, 1976இல் 11 கட்டிலுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். காசு உள்ளவரிடம் வாங்கி இல்லாதவருக்கு இலவசமாகச் செய்கிற அந்த முறையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நாங்கள் வேறொன்றைச் சொல்ல வேண்டும். ஊரூராகக் கண் முகாம் வைத்து, ஒப்பரேசன் இலவசம் என்று சொல்லியும், தேவைப்பட்ட பலர் வரவில்லை. ஏன் என்று அவர்கள் போய்க் கேட்டார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை, கூட வர ஆள் இல்லை, வந்தால் அந்த ஆளின் கூலி போகும், போன இடத்தில் சாப்பாடு யார் தருவது என்பதுதான் பதில். பிறகு முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். கத்தியைவிட அந்த பஸ்தான் பெரிய கண்டுபிடிப்பு என்பது எங்கள் எண்ணம். 1992இல் அவர்களே வில்லை செய்யத் தொடங்கியதும் விலை பத்து டொலர் அளவுக்கும் பிறகு அதற்கும் கீழும் விழுந்தது.

1992 என்றதும் எங்களுக்கு வேறு ஞாபகம் வரும். மதுரையில் வில்லைத் தொழிற்சாலை தொடங்கிய அந்த ஆண்டு கடலுக்கு இந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ரயில் 1990இலேயே நின்றுவிட்டது. கொழும்புக்குப் போவதென்றால் பாஸ் எடுத்து, கிளாலியில் இரவில் வள்ளமேறி, அதற்குப் பிறகும் எத்தனையோ தடைகளைத் தாண்ட வேணும். கண் மங்கின ஒருவரை அந்த வள்ளத்தில் ஏற்றுவதை நினைத்துப் பாருங்கோ. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில்தான் எங்களுக்கு முந்தின தலைமுறை படித்தது. அந்த வெளிச்சத்தில் பிள்ளைக்கு எழுத்துத் தெரியும், அறுபது வயது தாண்டிய கண்ணுக்குத் தெரியாது. வயது போகப் போகக் கண்ணுக்குக் கூடுதல் வெளிச்சம் தேவை என்பது எந்தக் கண் வைத்தியரும் முதலில் சொல்லும் விசயம். ஐந்து ஆண்டு ஒரு குடாநாடு முழுவதும் அது இல்லாமல் இருந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நாவற்குழிப் பாலம் தாண்டிப் போனபோது அந்தச் சனத்துக்குள் சோடாப் போத்தல் கண்ணாடிக்காரரும் இருந்தார்கள். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, பேரனின் சேட்டை ஒருவர் பிடிக்க அவரை இன்னொருவர் பிடிக்க, வரிசையாகப் போனதாகச் சொல்லுவா. வேறு எதையும் கொண்டுபோகக் கை இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் பார்வை இல்லாத முதியவருக்கு உலகத்தோடு இருந்த தொடர்பு றேடியோ. பற்றறி தடை செய்யப்பட்ட பொருள். அதனால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்குக் கறண்ட் எடுத்தார்கள். தமிழோசைக்கும் வெரித்தாஸுக்கும் இப்படிச் சுற்றிய கைகள் இன்றைக்கு ஐம்பது வயதில் இருக்கின்றன. இதைப் போர்க்காலக் கெட்டித்தனமாகச் சொல்லிச் சிரிப்போம். பக்கத்தில் கதிரையில் காதைச் சாய்த்துக்கொண்டிருந்த அப்பப்பாவுக்கு அந்தச் சுற்றல்தான் கண் என்பதை யாரும் அப்படி நினைத்ததில்லை. அது 'சேவை'யாக எழுதப்படவும் இல்லை.

வேறு இடங்களில் அது எழுதப்பட்டிருக்கிறது. பிரித்தானியாவில் 1929 நத்தாரன்று பார்வையற்றோருக்கு றேடியோப் பெட்டி வாங்கிக் கொடுக்க வானொலியிலேயே நிதி கேட்டார்கள். கேட்டவர் வின்ஸ்டன் சேர்ச்சில். 1934இல் அமெரிக்காவிலும் 1935இல் பிரித்தானியாவிலும் பேசும் புத்தகங்கள் வந்தன. சாதாரண இசைத்தட்டின் ஒரு பக்கம் சில நிமிடத்தில் முடிந்துவிடும், இந்தத் தட்டு மெதுவாகச் சுற்றுவதால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 25 நிமிடம் வாசிக்கலாம். முதலாம் உலகப்போரில் கண் இழந்த வீரர்களுக்காக எழுந்த கோரிக்கை அது. வளர்ந்த பிறகு கண் போனவர்களில் பலரால் பிறெயில் படிக்க முடியவில்லை என்று அவர்கள் கண்டிருந்தார்கள்.

பிறெயில் பற்றி இந்த இடத்தில் ஒன்று. கண் தெரியாதவர் என்றதும் எங்கள் எல்லாருக்கும் பிறெயில்தான் ஞாபகம் வரும். சின்ன வயதில் படித்தவருக்கு அது பெரிய செல்வம். எழுபது வயதில், மண்வெட்டியும் உலக்கையும் பிடித்துக் காய்த்துப்போன விரல் நுனிக்கு அந்தப் புள்ளிகள் எட்டாது. இங்கிலாந்தில் பிறைற்றன் நகரத்தில் இருந்த வில்லியம் மூன், தானே இளவயதில் பார்வை இழந்தவர், இதை 1845இலேயே விளங்கிக்கொண்டார். வழக்கமான எழுத்துகளின் உருவத்தையே எளிமையாக்கி, பெரிய மேடு கோடுகளாக அச்சடித்தார். ஒரு வரி இடமிருந்து வலம் போனால் அடுத்த வரி வலமிருந்து இடம் வரும், விரலைத் தூக்கித் தேட வேண்டியதில்லை. முதுமையில் பார்வை இழந்தவர்கள் நீண்ட காலம் அதைத்தான் விரும்பினார்கள். எங்கள் நாட்டில் 1912இல் மிஷனரி மேரி சப்மன் தொடங்கியதும் இன்று இரத்மலானையில் இருப்பதும், 1950களில் கைதடியில் வந்த நபீல்ட் பாடசாலையும் பெரிய வேலை செய்தவை. ஆனால் அவை பாடசாலைகள், பிள்ளைகளுக்கானவை. வயதுபோன பிறகு கண் இழந்தவர் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கவில்லை.

ஆனால் எங்களிடம் வேறொன்று இருந்தது. கோயில்களில் கந்தபுராணம் படிப்பார்கள். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்லுவார். நாட்கணக்காகப் போகும். கேட்கிறவர் புத்தகம் திறக்கத் தேவையில்லை, பாட்டும் பொருளும் காதுக்கு வந்து சேரும். பயனில் பிழை வந்தால் மூலையில் தூணோடு சாய்ந்திருக்கிற, கண் தெரியாத ஒரு கிழவர் "அப்பிடி இல்லைத் தம்பி" என்று திருத்துவார். அந்த இடத்தில் அவர் உதவி வாங்குகிறவர் இல்லை. ஊர் வாசிகசாலைகளிலும் கிட்டத்தட்ட இதுதான். 1959இல் 'ஈழநாடு' யாழ்ப்பாணத்திலேயே அச்சாகத் தொடங்கிய பிறகு, காலையில் பேப்பர் வந்ததும் ஒருவர் உரத்து வாசிக்க நாலு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கேட்டவர்களில் எழுத்துத் தெரியாதவர், கண்ணாடி வாங்க வசதி இல்லாதவர், கண்ணே தெரியாதவர் என்று பிரித்துப் பார்க்க ஏலாது. (அந்தத் திண்ணையில் எல்லாச் சாதியும் இருந்ததா என்று கேட்டால், எல்லா ஊரிலும் இல்லை. பெண்கள் இருந்ததும் அபூர்வம். ஆச்சிமாருக்கு யார் வாசித்தார்கள் என்பது வீட்டுக்குள்ளேயே போய்விட்ட வரலாறு.)

இன்னொரு விசயத்தைச் சொல்லாமல் விட எங்களுக்கு மனமில்லை. 1760இல் ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல்ஸ் பொனே என்ற அறிஞர் தன் பாட்டனாரைப் பற்றி எழுதினார். புத்தி தெளிவான முதியவர், பார்வை பெரும்பகுதி போய்விட்டது. அவருக்கு இல்லாத மனிதர்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் தெரிந்தன. அவை உண்மையில்லை என்று அவருக்கே தெரியும். கண்ணிலிருந்து செய்தி வராதபோது மூளை தன்பாட்டில் படம் போடுகிறது, வேறொன்றும் இல்லை. இன்று இதற்குப் பொனேயின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பார்வை குறைந்த முதியவர்களில் கணிசமானோருக்கு இது வரும். எங்கட ஊரில் என்ன நடக்கிறது? "முற்றத்தில சின்னப் பிள்ளையள் நிக்குதுகள்" என்று ஆச்சி சொன்னால், பேய் பிடித்தது என்று நூல் கட்டுவார்கள், இல்லாவிட்டால் மூளை பிசகிவிட்டது என்று முடிவெடுப்பார்கள். பிசகிவிட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதே இல்லை. இது வழக்கமாக வருவது, பைத்தியம் இல்லை, பயப்படாதேங்கோ என்று ஒருவர் சொன்னாலே பாதிப் பாரம் இறங்கும். அதற்கு வில்லையும் வேண்டாம், டொலரும் வேண்டாம். போர்க்காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் நிறைந்த ஊரில், இல்லாத பிள்ளைகள் முற்றத்தில் தெரிவது எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயதைத் தாண்டியவர்களைப் பெற்ற பிள்ளைகள் கைவிடக்கூடாது என்கிறது. பராமரிப்புக் கேட்டு முறையிட ஒரு சபையும் இருக்கிறது. சட்டம் நல்லது. ஆனால் அது பிள்ளைகள் நாட்டுக்குள் இருக்கிறார்கள் என்று எண்ணி எழுதப்பட்ட மாதிரி இருக்கிறது. எங்கள் ஊர்களில் பிள்ளைகள் ரொறன்ரோவில், பாரிசில், லண்டனில். காசு வரும், பெரிய வீடு கட்டியாகிவிட்டது, மாபிள் பதித்தாகிவிட்டது. பார்வை மங்கின காலுக்கு அந்த வெள்ளை மாபிள் படி எங்கே முடிகிறது என்று தெரியாது. படியின் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு அடிக்கலாம். யாரும் சொல்லவில்லை. 2010ஆம் ஆண்டு வரிசை நோட்டுகளில் மதிப்புக் கூடக் கூட நீளம் கூடும், தடவிப் பார்க்கப் புள்ளிகளும் உண்டு. கடையில் மிச்சக் காசை எண்ணத் தெரியாமல் தவிக்கிற அப்புவுக்கு இதையும் யாரும் சொல்லவில்லை.

2010களின் நடுவில் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களில் 1.7 வீதத்தினர் பார்வையற்றவர்கள் என்று வந்தது. அதில் ஏறக்குறைய 3இல் 2 பங்கு வெண்புரை, அதாவது ஒப்பரேசனோடு திரும்பக்கூடியது. ஒப்பரேசன் அரச ஆஸ்பத்திரியில் இலவசம். 2014இல் ரயிலும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. பிறகும் ஏன் மிச்சம் என்று கேட்டால் மதுரைக்காரர் அன்று கேட்டு அறிந்த அதே பதில்தான் இங்கும் வரும், பஸ் காசு என்ற இடத்தில் ஓட்டோக் காசு என்று மாற்றிக்கொள்ளலாம். 2022இல் பெற்றோலும் மருந்தும் இல்லாமல் போனபோது கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து விடுகிறவர்கள் பட்ட பாடு தனிக் கதை. அந்த மருந்தை ஒரு மாதம் விட்டால் ஒன்றும் நோகாது, தெரியாது. அதுதான் ஆபத்து.

நாங்கள் சிலபேர் கொஞ்ச நாளாக ஞாயிறு காலையில் ஊர் வாசிகசாலையில் பேப்பர் வாசிக்கிறோம். ஆறேழு பேர் வருவினம், இரண்டு பேரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். முதல் நாள் நாங்கள் ஆசிரியர் தலையங்கத்தில் தொடங்க, ஒரு ஐயா இடைமறித்து, மரண அறிவித்தலை முதலில வாசி பிள்ளை என்றார். இப்போது அந்த ஒழுங்கில்தான் போகிறது: மரண அறிவித்தல், பிறகு வெளிநாட்டுச் செய்தி, பிறகு வெங்காய விலை. தலையங்கத்துக்கு வரும்போது பாதிப்பேர் தேத்தண்ணிக்கு எழும்பிவிடுவார்கள்.